கோணல் மீசை

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், ஒரு தேசத்தின் எல்லையைக் காக்கும் மாபெரும் பொறுப்பு இன்று காலை ஒரு மீசையின் மேல் சுமத்தப்பட்டிருந்தது.

மீசை, ஒட்டுமீசை. அதைச் சுமந்தவள் ஒரு நாடகக் குழுவின் ஒப்பனைக்காரி. விமான நிலையத்தில், பாஸ்போர்ட் பார்க்கும் கவுண்டருக்கு முன்னால், அக்கா புருஷனின் சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டிலும் வேலையிலும் அவள் பெண். பாஸ்போர்ட்டில் ஆண். படத்தில் மீசை உண்டு.

மாற்றித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்காமல் இல்லை. பாலின மாற்று அறுவை சிகிச்சை முடித்துவிட்டு வா என்றார்கள். அந்தச் சிகிச்சை இந்தத் தேசத்தில் கிடையாது, கடல் தாண்ட வேண்டும். கடல் தாண்ட, முகத்துக்குப் பொருந்தும் பாஸ்போர்ட் வேண்டும். இந்த வட்டத்தை யோசித்துக் கண்டுபிடித்த மகானுக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் என்று நம்புவோம்.

போன தடவை அவள் அவளாகவே வந்தாள், காதில் தோடும் கையில் வளையலுமாக.

"போட்டோல இருக்கிற ஆளு எங்க?" என்று கேட்டு, இதே கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி அவளை வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. இந்தத் தடவையும் தவறினால் இனி தேதி கிடையாது என்று எழுதியது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

நாளை காலை சிகிச்சை.

அதற்காக, பெண்மைக்கென்று சாப்பிட்டுவந்த ஹார்மோன் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தியதிலிருந்து உடம்பு நினைத்தபோதெல்லாம் அடுப்பு மூட்டிக்கொள்கிறது. ஏசி கூடத்தில் மற்றவர்கள் குளிருக்குக் கைகட்டி நின்றார்கள். அவளுக்கு மேலுதடு வியர்த்தது.

"தம்பி, பையை எங்கிட்ட குடு" என்றாள் துணைக்கு வரும் அக்கா, கூடத்துக்கே கேட்கும்படி. 'தம்பி' அவள் வாயில் கல் மாதிரி உருண்டது. அடுத்த நொடியே காதருகே குனிந்து, "உங்க மாமாவுக்குக்கூட இவ்வளவு அம்சமா மீசை இல்லடி" என்றாள்.

கோளாறே அந்த அம்சம்தான் என்று இருவருக்கும் அப்போது தெரியாது.

அதிகாரி படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். நாட்டின் இறையாண்மை முழுவதும் அவருடைய மூக்குக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"போட்டோல மீசை ஒரு பக்கம் இறங்கியிருக்கு. உங்களுக்கு நேரா இருக்கே?"



தொழில் புத்தி. மேடை ராஜாக்களுக்கு ஒட்டும் அதே கவனத்தோடு, கண்ணாடி முன் உட்கார்ந்து, இரு பக்கமும் அளந்து ஒட்டியிருந்தாள். கோணல் மீசையோடு ஒரு சேவகனைக்கூட அவள் மேடைக்கு அனுப்பியதில்லை.

அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.



திரும்பிப் போய், இதே உடம்போடு இன்னொரு ராத்திரி படுக்க முடியாது. அவளுக்கு அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது. என்ன செய்துகொள்வாள் என்பதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

உடம்பு மறுபடி கொதித்தது. வியர்வை பசைக்குள் இறங்குவதை உணர்ந்தாள். விரலால் அழுத்தினால் மாட்டிக்கொள்வாள். அழுத்தாவிட்டால் மீசை பாஸ்போர்ட் மேலேயே விழும்.

கைகள் இரண்டையும் சட்டைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இடது நுனி மெல்ல நழுவிக் கீழே இறங்கியது.

அதிகாரி நிமிர்ந்தார். படம். முகம். படம். தொலைபேசியைத் திரும்ப வைத்தார்.

"ஆங், இப்ப சரியா இருக்கு. மொதல்லயே மூஞ்சிய இப்படி வச்சிருக்கலாம்ல சார்."

முத்திரை விழுந்தது.

கவுண்டரைத் தாண்டி ஒரு தூணின் பின்னால் போனதும், அக்கா அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தூணுக்கும் தெரிந்திருக்காது.

அவளுக்கு எந்தக் காலத்திலும் மீசை முளைத்ததில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த அன்று, ஆம்பளைப் பிள்ளைக்கு மீசை இல்லாமல் என்ன போட்டோ என்று ஸ்டூடியோ வாசலில் அப்பா நின்றுவிட்டார். உள்ளே, ஸ்டூடியோக்காரர் நீட்டிய இதே மீசையை, கண்ணாடிகூடப் பார்க்காமல் அவளே ஒட்டிக்கொண்டாள். அதுதான் அவள் ஒட்டிய முதல் மீசை. அப்போது தொழில் தெரியாது.

இப்போது அதை உரித்து, துடைத்து, டப்பாவில் வைத்து மூடினாள்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும்போதும் அது வேண்டும்.