வெள்ளச்சி கடிக்கும்

“கடிக்குமா அண்ணாச்சி?”

“கடிக்குமாவா? ரெட்டியபட்டியில ஒரு பய, சும்மா மூஞ்சியத் தடவுனான். தோள்பட்டையக் கவ்விருச்சு. இன்னும் கையத் தூக்க முடியாம அலையுறான்.”

குதிரை வாங்க வந்தவரிடம் மாமனார் சின்னச்சாமி சொன்னது அடுப்படி வரை கேட்டது. பதறிப்போன முருகலட்சுமி, ஆவி அடங்கும் முன்பே குக்கர் வெயிட்டைத் தூக்கிவிட்டாள். ஆவி சீறிக்கொண்டு வந்து மணிக்கட்டைப் பொசுக்கியது.

குக்கருக்குள் இருந்ததும் அந்தக் குதிரை வெள்ளச்சிக்கான கொள்ளுதான்.

வந்தவர் பைக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். போன வாரம் வந்தவரும் அப்படித்தான். அவரிடம் மாமனார் சொன்னது, உதை வாங்கி ஒருவனுக்கு விலா எலும்பு போன கதை.

“என்னங்க, அந்தக் குதிரை எப்பத்தான் இந்த வீட்ட விட்டுப் போகும்?”

மணிக்கட்டில் மருந்து தடவிக்கொண்டே கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் வாட்ஸ்அப்ல போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்? வர்றவுக எல்லாம் ஓடிப்போறாகளே!” என்றான் ஜெயபாண்டி.

“ஓடாம என்ன செய்வாக? மனுசனக் கடிச்சுத் தின்னுற குதிரைய யாரு வாங்குவா? நம்ம நிலாவுக்கு ரெண்டு வயசுங்க. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள தொழுவத்துப் பக்கம் ஓடுறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது.”

“சரி சரி, இந்த வாரம் முடிச்சிருவோம்.”

பயம் ஒரு பக்கம் என்றால் பாடு ஒரு பக்கம். கொள்ளை ஊறவைக்க வேண்டும், அவிக்க வேண்டும், மிக்ஸியில் அரைக்க வேண்டும், கருப்பட்டி கரைத்து ஊற்ற வேண்டும். வைக்கோல் போட்டால் வாயில் உருட்டி உருட்டிக் கீழே துப்பிவைக்கும். குளம்புக்கு விளக்கெண்ணெய். குழாயில் தண்ணீர் வருகிற அன்று முதல் அண்டா அதற்கு.

“பிள்ளை பெத்துக் கெடந்தப்ப எனக்கே இந்தக் கவனிப்பு இல்ல” என்று முணுமுணுத்தபடி மறுநாள் மிக்ஸியை நிறுத்தினாள்.

வீடு திடீரென்று அமைதியாக இருந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் இருக்கக்கூடாத அமைதி.

“நிலா!”

தொழுவத்துக்கு ஓடினாள். வெள்ளச்சியின் முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள் நிலா. அவள் கை, மணிக்கட்டு வரை குதிரையின் வாய்க்குள் இருந்தது.

முருகலட்சுமி பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கினாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. எச்சிலும் கொள்ளு மாவும்தான் வழிந்தன. நிலா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

“மாமா! இங்க வாங்க! இன்னைக்கு ஒண்ணு இந்தக் குதிரை இருக்கணும், இல்ல நானும் பிள்ளையும் இருக்கணும்!”

சின்னச்சாமி வந்தார். வெள்ளச்சியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். வெறும் ஈறு. ஓரத்தில் தேய்ந்துபோன கட்டை இரண்டு.

“கடிக்கப் பல்லு எங்க தாயி இருக்கு? பின்ன எதுக்கு ஒன்னயக் கொள்ளு அவிச்சு அரைக்கச் சொல்றேன்?”

“அப்ப அந்த ரெட்டியபட்டிப் பையன்?”

“அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல.”

“விலா எலும்பு?”

“அதுவும் நாஞ் சொன்னதுதான்.”

முருகலட்சுமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ராத்திரி கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் படுக்கிறேன் மாமா! கெழட்டுக் குதிரைன்னு உண்மையச் சொன்னா என்ன?”

“கெழடுன்னு சொன்னா வெலையக் கொறச்சுக் கேப்பான். கடிக்கும்னாத்தான் கேக்காமப் போவான். ஒம் புருசன் பள்ளிக்கூடம் போனதே இது இழுத்த வண்டியிலதான். இந்த வயசுல இதக் கொண்டுபோயி கல்யாண ஊர்வலத்து வெடிச் சத்தத்துக்கு நடுவுல மாப்பிள்ளைய ஏத்தச் சொல்லுறியா?”

“அதுக்காகப் பொய்யா? நான் படிச்ச கான்வென்ட்ல பொய் சொன்னா முட்டி போட வைப்பாங்க. பிள்ளை வளர்ற வீடு மாமா. இனி இங்க யாரும் பொய் பேசக்கூடாது!”

“சரி தாயி” என்றார் அவர்.

அடுத்த நாளே பாலவனத்தத்திலிருந்து நல்லமுத்து வந்துவிட்டார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். ஜெயபாண்டிதான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தான். வாசலில் லோடு வண்டி நின்றது. கையில் கயிறு.

“ஒசரமும் நெறமும் அருமை அண்ணாச்சி. கடிக்குமா?”

சின்னச்சாமி வானத்தைப் பார்த்தார். “எம் மருமகட்ட கேளுங்க. அவுக கான்வென்ட்டு. பொய் பேச மாட்டாக.”

நல்லமுத்து சிரித்துக்கொண்டே, வயதை அறியப் பல்லைப் பார்க்கக் கையை நீட்டினார். தீனி வருகிறது என்று நினைத்து வெள்ளச்சி உதட்டை ஆட்டிக்கொண்டு முகத்தைக் கொண்டுவந்தது. முருகலட்சுமியின் இடுப்பில் இருந்த நிலா, “வெள்ளாச்சி!” என்று கையை நீட்டினாள்.

“அண்ணே, கைய எடுங்க!”

முருகலட்சுமி போட்ட சத்தத்தில் நல்லமுத்து இரண்டடி பின்னால் போனார்.

அவள் வளையலை மேலே தள்ளி, தோல் உரிந்து சிவந்திருந்த மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

“முந்தாநாள் கடிச்சது.”