மேனேஜர் நாற்காலி

‘எதுவரை போகிறார், பார்ப்போம். சிரித்துவிடக் கூடாது’ என்று ஜெயப்ரியா நினைத்துக்கொண்டாள். இடுப்பில் மீன் கூடை வழுக்கியது.

மீனவப் பெண்களுக்கான கடன் விளம்பரத்துக்குப் படமெடுக்க, ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் வங்கிக் கிளையைத் திறந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பெரிதாக வைக்கப்போகும் படம். படத்தில் வரவேண்டிய இரண்டு பெண்களும் பருத்திப் புடவைதான். சென்னையிலிருந்து வந்த போட்டோகிராபர் சசிதரன், கறுத்த ஜெயப்ரியாவிடம் கூடையைக் கொடுத்தார். சிவந்த ஷர்மிளாவை மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தார்.

“அக்கா, மேடத்தை நன்றியோட பாருங்க. கூடையை நல்லாப் பிடிங்க.”

ஷர்மிளாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அவங்களுக்கு எப்புடிங்க பிடிக்கத் தெரியும்? அவங்கதாங்க மேனேஜரு! கூடை என்னோடது. காலையில அதுலதான் சங்கரா மீனு வித்துட்டு வாரேன்.”

சசிதரன் கேமராவை இறக்கினார்.

“சாரி மேடம்.” மறுபடியும் கேமராவைத் தூக்கினார். “ஆனா, பாக்குறவங்களுக்கு இப்பிடி இருந்தாத்தான் சட்டுனு புரியும். இப்பிடியே எடுத்துக்கட்டுமா?”

ஜெயப்ரியா கூடையை ஷர்மிளாவின் கையில் கொடுத்தாள். அவள் எழுந்ததும் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்தாள்.

இனிமேல் சிரிக்கலாம்.