விலை பேசப்படும் அரக்கன்

மேசையில் கதை சொல்லி ஆடும் ஆட்டம் அது. இர்ஃபானாவும் கபிலனும் மூன்று வருடமாகத் துரத்திய அரக்கன் அன்றுதான் ஒருவழியாகச் சிக்கினான். அவனை வெட்ட இர்ஃபானா பகடையை உருட்டினாள். அது உருளாமல் பேசியது: "இந்த ஆட்டத்தின் பிராண்டு விற்பனைக்கு வருவதாக வதந்தி. அரக்கன் செத்தால் விலை இறங்கும். பொறுத்திருக்கவும்."

"டேய் கபிலா, சாயங்காலம் எனக்கு ஜெர்மனி ஃப்ளைட்டுடா. இனி எப்போ சேர்ந்து ஆடப்போறோம்? இவனுக்கு வேற பேர் வெச்சு வெட்டிடவா?"

"வெட்டுற விதியும் அந்த ஆட்டக் கம்பெனிக்காரனுங்க சொத்துதான்டி."

வாங்கப்போவது ஷாம்பு கம்பெனி என்றார்கள். இல்லை, சிமெண்டு கம்பெனி என்றார்கள். மேசைமேல் அரக்கன் சொகுசாகக் கொட்டாவி விட்டான். கபிலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இர்ஃபானா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விமானம் பறந்த பிறகு ஆட்டத்தின் முதலாளிமார் அறிக்கை விட்டார்கள்: விற்கும் எண்ணமே இருந்ததில்லையாம், அந்தப் புண்ணியவான்களுக்கு. பகடை உற்சாகமாகக் காலி நாற்காலியிடம் சொன்னது: "இர்ஃபானா, இப்போது வெட்டலாம்."