பொருந்துகிற ஆள்

பள்ளிப் பேருந்து ஓட்ட ஆள் கேட்டு விளம்பரம் எழுதும் வேலை பிரவீணாவின் மேசைக்கு வந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கணவன் தினகரும் பள்ளிப் பேருந்து ஓட்டியவன்தான். வேலை போய் இரண்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இப்போதெல்லாம் யாரும் விண்ணப்பம் போட முடியாது. எழுதியது யாருக்குப் பொருந்துகிறது என்று கணினியே பார்த்து, அந்த ஒருவரின் கைபேசிக்கு மட்டும்தான் விளம்பரத்தை அனுப்பும்.

அதனால் பெயரைத் தவிர மற்றதெல்லாம் தினகரையே நினைத்து எழுதினாள். பிள்ளைகள் கூச்சல் போட்டால் கூடவே பாட்டெடுத்து அடக்குகிறவர். மழை வந்தால் தானே இறங்கிக் குடை பிடிக்கிறவர். எதிரே வருகிறவன் திட்டினாலும் சிரித்துக்கொண்டே வழி விடுகிறவர்.

மறுநாள் அந்த வேலை காங்கேயத்தில் யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. தினகரின் கைபேசி சிணுங்கக்கூட இல்லை.

சாயங்காலம் விளம்பரத்தை அவன் முன்னால் நீட்டினாள். "நான் எழுதினதுங்க. படிச்சுத்தான் பாருங்களே."

அவன் படிக்க ஆரம்பித்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவரில் பந்தடித்தார்கள். "எவண்டா அவன்? வந்தேன்னா கைய ஒடச்சுப் போடுவேன்!" என்று கத்திவிட்டு, மீதியைப் படித்தான். முகம் கொஞ்சம் இளகியது.

"நல்ல மனுசனா இருப்பாம் போல. இந்த மாதிரி ஆளுக்குத்தான் வேலை கெடைக்கோணும், புள்ள. யாரு, உனக்குத் தெரிஞ்சவனா?"

"தெரிஞ்சவருதானுங்க" என்றாள் பிரவீணா. "பாத்துத்தான் ரொம்ப நாளாச்சு."