முட்டி போன வண்டி

“இன்னும் பத்து” என்றாள் மாஸ்டர்.

குட்டிப் படியின்மேல் ஒற்றைக் காலில் நின்றிருந்தவளின் முட்டி வெடவெடவென்று நடுங்கியது. அதைப் பார்க்க மாஸ்டருக்கு உள்ளூர இனித்தது.

“செத்துடுவேன் மாஸ்டர்!”

“அவ்வளவு சீக்கிரம் விட்டுடுவேனா? மெதுவா இறங்குங்க. முட்டி உள்பக்கமா சாயுது பாருங்க. வலி முட்டியில, சோம்பேறித்தனம் இடுப்புல.”

பெண்களுக்கான அந்த ஜிம்மில் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு கோச்சின் மனைவி. ஓட்டக்காரர்கள் கிளப்பில் பயிற்சி கொடுக்கிற கோச். பொம்பளைக்கு வெயிட் எதற்கு, வலித்தாலும் ஓடு என்பதுதான் அவன் பாடம். அப்படி ஓடி ஓடியே அவள் முட்டி வீங்கி உட்கார்ந்தபோது, கிளப் ஆட்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“முட்டி போன வண்டியை எத்தனை நாள் தள்ளிக்கிட்டே போறது? மாத்திட வேண்டியதுதான்.”

மாற்றியும் விட்டான். அந்தப் புது வண்டிதான் இப்போது படிமேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

சேர்க்கைப் படிவத்தில் கணவர் பெயரைப் பார்த்த அன்றே ரிசப்ஷன் தோழி வந்து காதைக் கடித்திருந்தாள்.

“ஏய், இவதான் அவ! வீட்டுப் பக்கத்துலயே மூணு ஜிம் இருக்கு. ரெண்டு பஸ் மாறி உன்கிட்டயே வந்து மாட்டுறா பாரு. இரும்பைத் தூக்கி முட்டியிலயே போட்டு அனுப்பு!”

“அனுப்பலாம், அனுப்பலாம். என்ன அவசரம்?”

புதியவளிடம் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வியே விநோதமாக இருந்தது. “உங்க வீட்டுக்காரர் பத்து கிலோமீட்டரை எவ்வளவு நேரத்துல ஓடுவார்?”

“அம்பத்திநாலு நிமிஷம். கிளப்புல எந்தப் பொம்பளையும் தன்னை முந்தினதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவார்.”

“நீங்க?”

“முட்டி வலிக்கலைன்னா ஒரு மணி நேரம். வலிச்சா, பஸ்!” என்று சிரித்தாள் அவள். “இங்க வர்றது அவருக்குத் தெரியாது மாஸ்டர். தையல் கிளாஸ்னு சொல்லியிருக்கேன்.”

மாஸ்டர் அவளுடைய பயிற்சி அட்டையின் மூலையில் ஓர் எண்ணை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அடுத்த ஐந்து மாதம் அவளுக்குப் பெண்டு நிமிர்ந்தது. தொடையில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தாள். கையில் எடையோடு உட்கார்ந்து எழுந்தாள், ஒற்றைக் குதிகாலில் எம்பினாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் எடை கூடியது. அவள் கண்ணில் தண்ணீர் வந்த நாளெல்லாம் மாஸ்டர் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

“கிளப்புல மட்டும் பழையபடி மெதுவாவே ஓடுங்க” என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்.

தோழிக்குப் பொறுக்கவில்லை. “எப்பத்தான்டி அந்த முட்டியை உடைக்கப்போறே?”

“கிளப்போட பத்து கிலோமீட்டர் போட்டியன்னிக்கு. எலும்பு உடைஞ்சா ஆறு வாரத்துல சேர்ந்துடும். சேராத ஒண்ணு இருக்கு, அதைத்தான் உடைக்கப்போறேன்.”

போட்டியன்று காலை, முடிவுக் கோட்டருகே தண்ணீர் பாட்டிலோடு நின்றாள் மாஸ்டர். பெரிய கடிகாரம் ஐம்பத்துமூன்று நிமிடத்தைத் தொடும்போது புதியவள் ஓடி வந்து சேர்ந்தாள். முட்டி இம்மியும் சாயவில்லை. அட்டையின் மூலையில் வட்டமிட்டிருந்த அதே எண்.

கோச் வர மேலும் மூன்று நிமிடம் ஆனது. அவளைத் துரத்திப் பிடிக்கிற வெறியில் வழியிலேயே கால் மக்கர் பண்ணிவிட, முட்டியைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தான். “கோச்சு, பொண்டாட்டி முந்திட்டாங்களே!” என்று கிளப் ஆட்கள் விசிலடித்தார்கள். மாஸ்டரைக் கண்டதும் அவன் முகம் கறுத்தது.

“நீயா? நீயா இவளுக்கு…?”

ஏழு வருஷமாக நெஞ்சில் சுமந்ததை மாஸ்டர் அங்கேயே இறக்கி வைத்தாள். “என்னங்க, வண்டிக்கு முட்டி போயிடுச்சா? எத்தனை நாள்தான் தள்ளுவீங்க?”

கிளப் ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நொண்டியபடியே கூட்டத்தில் நழுவினான்.

மாஸ்டரின் வயிறு குளிர்ந்தது. குளிர்ந்த கையோடு மனசு உறுத்தவும் செய்தது. பாவம், இந்தப் பெண்ணை ஒரு கத்தி மாதிரி அல்லவா தீட்டி எடுத்துவிட்டோம்?

“உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன்” என்று தயங்கினாள். “நான் யாருன்னா… அவரோட…”

அவள் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“போன வருஷம் எனக்கு முட்டி வீங்கினப்போ, உங்ககிட்ட சொன்ன அதே வண்டிக் கதையை என்கிட்டயும் சொன்னார்.”

அவள் மாஸ்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“அதுக்குத்தானேக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்!”