அணைக்காமல் ஒரு கணினி

"பதினோரு மெஷினை அரை மணியில முடிச்சீங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் அரை மணியா?"

மேலாளர் போட்ட சத்தத்தில், அழைப்பில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நெட்வொர்க் ஆள் மட்டும் திரும்பவில்லை. கடைசி மேஜையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தான்.

அது ஒரு பஸ் கம்பெனியின் தொலைபேசி விசாரணைப் பிரிவு. எல்லாக் கணினிகளுக்கும் அன்று புது நெட்வொர்க் முகவரி கொடுக்க வேண்டும். மற்றவற்றில் எண்ணை மாற்றினான், ரீஸ்டார்ட் செய்தான், எழுந்தான். இதில் மட்டும் ரீஸ்டார்ட் இல்லாமலே முடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். புது முகவரியோ ஏறுவேனா என்றது.

ரெண்டு நிமிஷ வேலை, அணைத்துப் போட வேண்டியதுதானே என்றார் மேலாளர். படித்ததையெல்லாம் இங்கேதான் காட்டணுமா என்றும் கேட்டார்.

அந்த மேஜைக்கு உரிய அக்கா, பக்கத்தில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து விரல் பருமனுக்கு இருந்தால்தான் தெரியும். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி சின்னதாகிவிடும். தலைமை அலுவலகம் அப்படி அமைத்திருந்தது. அதனால் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, பூதக்கண்ணாடியை வைத்துத் தேடித் தேடிப் பெரிதாக்கிக்கொள்வார்.

இப்போது நாலு பேர் பார்க்க அந்தக் கண்ணாடியை வெளியே எடுத்தால், பார்வை போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு மாதம். அதுவரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும்.

மேலாளர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அக்கா குனிந்தார். "தம்பி, அணைக்காம முடியுமா?"

"முடியும்க்கா. நெட்வொர்க்கை மட்டும் இறக்கி ஏத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."

மூன்றாவது தடவை ஏற்றியபோது லைன் வந்தது. எழுத்துகள் இம்மியும் சுருங்கவில்லை. அக்கா ஹெட்போனை மாட்டி முதல் அழைப்பை எடுத்தார். அப்பாடா என்று இருந்தது.

வேலை செய்ய வந்தவனை இப்படியா வறுத்தெடுப்பது, மனுஷனா இவர் என்று பக்கத்து மேஜை முணுமுணுத்தது. மற்ற மேஜைகளும் தலையாட்டின.

வேலைத் தாளில் கையெழுத்து வாங்க நெட்வொர்க் ஆள் மேலாளரின் அறைக்குப் போனான். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"நேத்து ஃபோன்ல நான் கேட்டுக்கிட்ட மாதிரியே, அந்த மெஷினை மட்டும் அணைக்காம முடிச்சுட்டீங்க. ரொம்ப நன்றி. நான் கத்தினது நம்புற மாதிரி இருந்துச்சா? அவங்க கண்ணு விஷயம் எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது."