மறுபடி கேட்க மாட்டோம்

ஆயிரத்து முந்நூறு பேர் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தார்கள். சுந்தரபாண்டி அண்ணாச்சி ஒருத்தரைக்கூட நம்பவில்லை.

கோவில்பட்டியில் அவருக்குக் கடலை மிட்டாய் கம்பெனி. எப்போதோ ஒரு தடவை ஆன்லைனில் அரைக் கிலோ வாங்கியவர்களுக்குக்கூட வாரத்துக்கு மூன்று மெயில் போய்க்கொண்டிருந்தது. அனுப்பலாமா என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருகிற மாதிரி இருக்கிறது என்று மல்லுக்கட்டி, முத்துசெல்விதான் போன வாரம் ஒரு கடிதம் அனுப்பினாள். இனி உங்களுக்கு எழுதலாமா? கீழே இரண்டு பொத்தான்கள்: எழுதலாம், வேண்டாம். அதற்கும் கீழே, ‘வேண்டாம் என்றால் மறுபடி கேட்க மாட்டோம்’ என்று எழுதித் தன் பெயரைப் போட்டிருந்தாள்.

மெயில் வேலை முழுக்க அவள் பொறுப்பு. பேக்கிங் பிரிவில் இருக்கும் இருபது பேருக்கும் அவர் அண்ணாச்சி. ஆபீஸ் நேரத்தில் அவளுக்கும் அண்ணாச்சிதான்.

காலையிலிருந்து கயத்தாறுச் சொந்தக்காரர்களோடு போனில் இருந்தவர், பேசி முடித்துவிட்டு அவள் மேசைக்கு வந்தார்.

“இலைக்கு மேல கைய மறிச்சு வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதவனுக்கு ஒரு கரண்டி ஊத்தாம விட்டுருவமா? மொத தடவ சொல்லுதது மரியாதைக்கு. திரும்பக் கேளு.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஊர் வழக்கு அப்படி. காபி வேண்டாம் என்றவருக்குத்தான் முதலில் காபி வரும். மூன்று தடவை சொல்லாதவரை இந்தப் பக்கத்தில் ‘வேண்டாம்’ செல்லாது. மூன்று தடவை சொன்னாலும் செல்லாத வீடுகள் உண்டு.

முத்துசெல்வி இரண்டாவது கடிதத்தை எழுதினாள். ‘நீங்கள் சும்மா சொல்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்’ என்று அது ஆரம்பித்தது. எழுதும்போதே கை கூசியது.

கீழே அவள் பெயர். போன வாரம் வாக்குக் கொடுத்த அதே பெயர். இதை அனுப்பினாலும் அந்த ஆயிரத்து முந்நூறு பேர் முகத்திலும் அவள் முழிக்க வேண்டியதில்லைதான். தன் மனசுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

அண்ணாச்சி பின்னாலேயே நின்றார். ‘அனுப்பு’ என்ற பொத்தான் வரை வந்து அவள் விரல் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பதில் வந்து விழுந்தது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணவேணி என்ற வாடிக்கையாளர். வேண்டாம் என்று அழுத்தியவர்களில் ஒருவர்.

திட்டித்தான் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே முத்துசெல்வி அதைத் திறந்தாள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, வாய்விட்டுப் படித்தார்.

‘உங்கள் மிட்டாய் பிடிக்கும், மெயில்தான் வேண்டாம். சொன்ன நாளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. எனக்கு வயது நாற்பத்தாறு. நான் வேண்டாம் என்று சொன்னதை முதல் தடவையே காதில் வாங்கியது நீங்கள்தான். இரண்டு கிலோ அனுப்புங்கள்.’

வாய்விட்டு ஒரு தடவை படித்தவர், வாய்க்குள்ளேயே இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பாகு கொதிக்கும் வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது.

“அழிச்சிரு” என்றார்.

அவர் மனசு மாறுவதற்குள் முத்துசெல்வி அழித்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. கொடுத்த வாக்கு பிழைத்துவிட்டது. இந்த மனிதர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர், இறங்கி வந்து அவள் பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, கிருஷ்ணவேணிக்கு இரண்டு கிலோ என்று குறித்துவைத்தாள்.

அவர் நாற்காலிக்குப் போகவில்லை. வாசல்படியில் போய் நின்று போனை எடுத்தார். மறுபடியும் கயத்தாறுதான்.

“மச்சான், நாளைக்குப் பொண்ணுக்குப் பூ வைக்க வர வேண்டாம். எம் மக முத்துசெல்வி வேண்டாம்னுட்டா… இல்ல, வெக்கத்துல சொல்லல. மூணு தடவ சொல்லிட்டா. எனக்கு இப்பம்தான் காதுல விழுந்துச்சு.”